தொண்ணூற்றாறு தூங்கிய கட்டில்

காட்பாடியில் இறங்கி
அன்றோடு ஐம்பத்திரண்டு நாள்.
நூலகத்துக்கென்று கிளம்பி
இன்னமும் கேன்டீனில் போய் நிற்கிறவள் நான்.
என்னைத்தான் வாசலில் உட்கார வைத்தார்கள்,
வருகிறவர்களுக்கு வழி சொல்ல.

கழுத்தில் மஞ்சள் நாடா,
கையில் மார்க்கர்,
மேசைமேல் முந்நூறு பெயரட்டை.
தலைக்குமேல் பேனர்: வீடு திரும்புவோம்.
வீடு திரும்ப டிக்கெட் கிடைக்காத நான்
அதன் நிழலில்
பெயர்களுக்கு ஊக்கு மாட்டிக்கொண்டிருந்தேன்.
அறைத்தோழி பர்வீன்
அழுக்குத் துணி மூட்டையோடு
வெள்ளியன்றே வாணியம்பாடி போய்விட்டாள்.
ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில்
அம்மா வைத்திருக்கிறவள்.

வாரமெல்லாம் காய்ந்து கிடந்த குழாயில்
அன்று தண்ணீர்.
புல்வெளிக்குத் திறந்தது,
எங்களுக்கும் கொஞ்சம் கசிந்தது.
நாய்கள் மட்டும் ஒரே இரவில்
எங்கேயோ போயிருந்தன.

வந்தார்கள்.
காரில், ஷேர் ஆட்டோவில்,
ஒருவர் ஆம்பூரிலிருந்து புல்லட்டில்.
முதுகில் அறைந்துகொண்டார்கள்.
"டேய் சொட்டை" என்று கூப்பிட்டதும்
திரும்பியவர் மாவட்ட நீதிபதியாம்.
யாரும் என்னிடம் வழி கேட்கவில்லை.
அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள்:
"அந்த வேப்பமரத்துல லெஃப்ட் எடுத்தா லைப்ரரிம்மா."
அங்கே இப்போது ஏடிஎம்.

அது புரட்டாசிச் சனி என்பது
பிரியாணி அண்டா இறங்கிய பிறகுதான்
கமிட்டிக்கு உறைத்தது.
பாதிப் பேர் தயிர்சாதத்துக்கு நகர,
இரண்டு அண்டா சீரகச்சம்பா
கத்திரிக்காய்த் தொக்கு சகிதம்
முதலாமாண்டு விடுதிக்கு வந்து சேர்ந்தது.
முன்னாள் மாணவர் அத்தனை பேரையும்
நான் மனதார வாழ்த்தியது அப்போதுதான்.

இரண்டரைக்குக் கதவு தட்டும் சத்தம்.
பட்டுப்புடவை. கையில் செருப்பு.
அட்டையில் என் கையெழுத்து:
சுகிர்தா, 1996, வேதியியல்.
"இது என் ரூம்" என்றார்.
உடனே, "அப்போ" என்றார்.

மின்விசிறியை அண்ணாந்து பார்த்து,
"இன்னும் மூணுல வெச்சாத்தான் சுத்துமா?"
"நாலுல மேடம்."
அலமாரிக் கதவின் உட்புறம்
விரலால் எதையோ தேடினார்.
பெயின்ட் வழுவழுவென்றிருந்தது.
ஜன்னல் கம்பிக்கு வெளியே
மொட்டை மலை வெயிலில் கிடந்தது.
அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"அஞ்சு நிமிஷம் படுத்துக்கவா?"

மூன்று மணி நேரம் தூங்கினாள்.
தூங்குகிறவர்களை
'அவர்' என்று நினைக்க முடியவில்லை.
வாய் லேசாகத் திறந்து,
என் தலையணை உறையின் குதிரைமேல்
கன்னம் அழுந்தி.
கைபேசி அதிர்ந்து அதிர்ந்து
மேசை விளிம்புக்கு நகர்ந்தது.
பிடித்து உள்ளே தள்ளினேன்.
திரையில், மஸ்கட் வீடு.
மைதானத்தில் தொண்ணூற்றாறை
மைக்கில் கூப்பிட்டார்கள், குரூப் போட்டோவுக்கு.
எழுப்ப நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

அந்தக் கட்டிலில் நான்
ஒரு ராத்திரியும் அப்படித் தூங்கியதில்லை.
தாழ்வாரத்தில் உட்கார்ந்து
ரெக்கார்டு நோட்டில் பியூரெட் வரைந்தேன்.
மூன்று முறை கோணிற்று.

எழுந்தவர் பதறவில்லை.
முகம் கழுவினார்.
குழாயை மூடி, பக்கவாட்டில்
ஒரு தட்டுத் தட்டினார்.
ஐம்பத்திரண்டு நாள் சொட்டு நின்றது.
"எந்த ஊர்?"
"கயத்தாறு."
"ம்" என்று செருப்பை எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு மாலை பேனரைச் சுருட்டினோம்.
திங்கள் நாய்கள் வந்தன,
தண்ணீர் போனது.
தலையணையடியில் ஒரு கொண்டை ஊசி.
அதைக் கொண்டு அலமாரிக் கதவைச் சுரண்டினேன்.
வெள்ளைக்குக் கீழே பச்சை.
பச்சைக்குக் கீழே நீலம்.
நீலத்துக்குக் கீழே தகரம்.
பெயர் எதுவும் இல்லை.
ஒருவேளை அடுத்த அறையோ என்னவோ.

ஊசியைத் தலையில் செருகிக்கொண்டு
நூலகத்துக்கு நடந்தேன்,
வேப்பமரத்தில் இடது திரும்பி.